குதிரை மிதிக்காத மண்

சனிக்கிழமை தோண்டிவிடலாம் என்று தோதெர் சொன்னதும், வாய்க்குக் கொண்டுபோன சோளக்களி உருண்டையை சஃப்தா திரும்பத் தட்டில் வைத்தாள்.

"யாரை?"

யாரை என்று அவளுக்குத் தெரியும். அவன் வாயாலேயே வரட்டும் என்றுதான் கேட்டாள்.

"கவ்ரிலாவை."

"உங்க தம்பியை."

"ஆமா, என் தம்பியைத்தான். எனக்கு மட்டும் ஆசையா?" தோதெர் பெஞ்சில் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான். "என் பொண்ணு இன்னைக்கும் ரத்தம் துப்பினா. அவன் வந்து நெஞ்சு மேல உட்காருறானாம். அவளே சொன்னா."

"காய்ச்சல்ல ஆயிரம் சொல்லுவா."

"நீ அவன் பொண்டாட்டி. வேற எப்படிப் பேசுவ?"

வாலெனி மலைக்கிராமத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செத்தவன் அடங்காமல் எழுந்து சொந்தக்காரர்களின் உயிரை உறிஞ்சினால் அவன் ஸ்ட்ரிகோய். மற்ற நாளெல்லாம் அலைகிறவன் சனிக்கிழமை மட்டும் குழிக்குள் கிடப்பான். அன்றைக்குத் திறந்து, இதயத்தை எடுத்துச் சுட்டு, சாம்பலைத் தண்ணீரில் கலக்கி நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். கத்தி வைக்கிற கை அதே ரத்தமாக இருக்க வேண்டும். அன்னியன் தொட்டால் பலிக்காது. கவ்ரிலாவுக்கு ரத்த உறவு என்று மிச்சமிருந்த ஆண் அண்ணன் தோதெர் ஒருவன்தான். ஊரில் பாதி வீடுகளில் இது நடந்திருக்கிறது. எந்த வீட்டிலும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

சஃப்தா ஸ்ட்ரிகோயே கிடையாது என்று சொல்லவில்லை. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். கவ்ரிலா அது இல்லை என்று மட்டும்தான் சொன்னாள்.

"தலையில சவ்வோட பொறந்தவன். அப்படிப் பொறந்தவன் செத்தாலும் அடங்கமாட்டான்" என்றான் தோதெர்.

"சவ்வோட பொறந்தார். முட்டி வலியோட வாழ்ந்தார். மரம் சாயறப்ப விலக முடியாம செத்தார். இதுல எது பேய் வேலை?"

"சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டு தோதெர் போய்விட்டான்.

அவள் தட்டை மூடி வைத்துவிட்டு நேராக அவன் வீட்டுக்கே நடந்தாள். தோதெர் அங்கே இல்லை. அவன் மகள் ருக்ஸாண்டா அடுப்போரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். பத்தொன்பது வயது. தாய் இல்லாத பெண். முகத்தில் மூக்கும் கண்ணும்தான் மிச்சம்.

"சித்தி, சண்டை போட வந்தியா?"

"உன்கிட்ட இல்ல. நெஞ்சு மேல சித்தப்பா உட்காருறாருன்னு சொன்னியா?"

"யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்குன்னேன். யாருடின்னு அப்பா கேட்டாரு. தெரியலன்னேன். சித்தப்பாவான்னு கேட்டாரு. விடமாட்டேங்கறாரேன்னு ஆமான்னுட்டேன்." அவள் இருமினாள். துணியை வாயில் அழுத்தி, பிறகு பார்க்காமலேயே மடித்தாள். "ஜன்னல் ஏறி வர சித்தப்பாவால முடியுமா? மாடிப்படி ஏறவே அந்த மனுஷன் சாமியெல்லாம் கூப்பிடுவாரு."

சஃப்தா சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

"அந்தச் சாம்பலைக் குடிப்பியா?"

ருக்ஸாண்டா கூரையைப் பார்த்தாள். "அப்பா அழறாரு சித்தி. எதைக் குடுத்தாலும் குடிச்சிடுவேன்."

அவள் குடித்துவிடுவாள், தோதெர் அறுத்துவிடுவான், இரண்டும் பாசத்தில்தான் நடக்கும் என்று சஃப்தாவுக்குப் புரிந்தது. பாசத்தோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். ஊர்த்தலைவரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

ஊர்த்தலைவர் இஸிடோரின் முற்றத்தில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். தோதெர் முந்திக்கொண்டு வந்திருந்தான். பாதிரியாரும் இருந்தார். அவர்களோடு பிளம் சாராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு குவாஸ்ட் உட்கார்ந்திருந்தார்.

பெர்லினிலிருந்து படம் பிடிக்க வந்த கூட்டத்துக்கு இந்த குவாஸ்ட்தான் முதலாளி. ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனின் கதையாம். மேட்டிலிருந்த இடிந்த கோட்டையைப் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் ராத்திரிக் காட்சிகளை எடுத்தார்கள். இருட்டில் அவர்கள் படப்பெட்டிக்குக் கண் தெரியாது. பகலில் எடுத்துவிட்டு, பிறகு படச்சுருளை நீலச் சாயத்தில் முக்கினால் ராத்திரி ஆகிவிடும் என்று இரண்டு மொழியும் தெரிந்த அவர்களுடைய குதிரைக்காரன் மிஷ் விளக்கியிருந்தான். பிரபுவாக வந்தவன் சுண்ணாம்பு அடித்த முகத்தோடு வெயிலில் வியர்த்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கி நடப்பதைப் பார்க்க, புல் அறுக்கப் போன பெண்கள் வேலியோரம் நின்றுவிடுவார்கள். "ஸ்ட்ரிகோய்னா உண்ணி மாதிரி உப்பி, செவந்து கெடக்கணும். இது சம்பளம் வராத வாத்தியார் மாதிரி இருக்கே" என்று ஒருத்தி சொல்லப்போக, மிஷ் அதை ஜெர்மனில் பெயர்த்துச் சொல்லிவிட்டான். குவாஸ்ட் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அவர் போரின்போது அதிகாரியாக இந்த மலைகளில் இரண்டு குளிர்காலம் முகாம் போட்டிருந்தவர். இங்கே கேட்ட கதைகளை மறக்காமல் கொண்டுபோய், பெர்லினில் கிரகங்களையும் ஆவிகளையும் ஆராய்கிற ஏதோ ரகசியச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். விரலில் எழுத்து வெட்டிய இரும்பு மோதிரம். சனி கிரகத்தின் ஓரை வராமல் படப்பெட்டியைச் சுழற்ற விடமாட்டார். ஆவி அண்டாமலிருக்கப் பெட்டியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் வேறு போடுவார். படம் பிடிக்கிறவன், லென்ஸ் என்று பேர், அந்த வட்டத்துக்குள் நின்று ஓரை வரும்வரை சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான்.

சஃப்தா முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள். "தலைவரே, என் புருஷனை யாரும் தொடக் கூடாது."

"உட்காரும்மா முதல்ல."

"நின்னே பேசறேன்."

பாதிரியார் தொண்டையைச் செருமினார். "திருச்சபை இதையெல்லாம் ஏத்துக்காது தோதெர். உனக்கே தெரியும்."

"உங்க மாமனாரைத் தோண்டினப்ப திருச்சபை எங்க சாமி போயிருந்தது?"

பாதிரியார் தன் கோப்பையைப் பார்க்க ஆரம்பித்தார்.

இஸிடோர் கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். சும்மா போய்த் தோண்டறதும் கிடையாது, கூடாதுன்னு ஒருத்தி சொன்னா விட்டுடறதும் கிடையாது. பழைய முறை இருக்கு. குதிரை சொல்லட்டும்."

ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கறுப்புக் குதிரையைக் கல்லறைகள் மேல் நடத்திப் போவார்கள். நல்ல சாவு செத்தவன் மேல் தாண்டிப் போகும். ஸ்ட்ரிகோய் கிடக்கிற மண்ணை மிதிக்காது.

"தாண்டிப் போச்சுன்னா?" என்றாள் சஃப்தா.

"கவ்ரிலா சுத்தம். ஒருத்தன் மண்வெட்டி எடுக்க மாட்டான். நான் பொறுப்பு."

"நின்னுடுச்சுன்னா?"

"நீ குறுக்க நிக்கக் கூடாது."

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "சரி."

"ஆனா குதிரைக்கு எங்க போறது?" என்றான் தோதெர். "கறுப்பையெல்லாம் போருக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் நிக்கறதெல்லாம் செவலை."

மிஷ் குவாஸ்டின் காதில் ஏதோ சொன்னான். குவாஸ்ட் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, நீளமாகப் பேசினார். பிரபுவின் வண்டிக்கென்று அவர் கொண்டுவந்திருந்த குதிரை கரி மாதிரிக் கறுப்பு.

"குதிரையைத் தர்றாராம்" என்றான் மிஷ். "பதிலுக்கு ஒண்ணும் வேணாமாம். படப்பெட்டி கூட வரணும். மத்தியானம், சனி ஓரையில. உலகத்துல யாரும் இதுவரைக்கும் பார்க்காததை உலகமே பார்க்கும்னு சொல்றாரு."

"உலகத்துக்கு என் புருஷன்கிட்ட என்ன வேலை?"

மிஷ் அதையும் பெயர்த்தான். குவாஸ்ட் அவளருகில் வந்து, கண்ணுக்குள் உற்றுப் பார்த்து, மெதுவாக ஏதோ கேட்டார்.

"ராத்திரி படுத்திருக்கறப்ப உனக்கு என்ன தோணுதுன்னு கேக்கறாரு."

"தூக்கம் வருதுன்னு சொல்லு."

சனிக்கிழமை விடிந்ததும் அவள் தூபச்சட்டியில் நெருப்பெடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். புருஷன் செத்த நாற்பது நாளும் காலையில் போய்ச் சாம்பிராணி போட வேண்டும். மழையிலும் போயிருக்கிறாள், இன்றைக்கு மட்டும் என்ன?

ஓடையருகில் மிஷ் குந்தியிருந்தான். மணலை அள்ளி அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மிஷ், விடியக்காலையில கோயில் பக்கம்?"

"சும்மா... ஜபம் பண்ணலாம்னு."

"நீ லூத்தரன்காரன். எங்க கோயில்ல உனக்கு என்ன ஜபம்?"

"கடவுள் ஒருத்தர்தானே அக்கா" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல், ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

கவ்ரிலாவின் மரச்சிலுவைக்கு முன் மண்டியிட்டபோது, சாம்பிராணிப் புகையையும் மீறி அந்த வாடை அடித்தது. சஃப்தா குனிந்து மோந்தாள். சிலுவையின் அடியில் ஏதோ பளபளத்தது. மண்ணிலும் அழுத்தித் தேய்த்து மேலே புழுதி தூவியிருந்தது. விரலால் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. போன குளிர்காலம் முழுக்க அதைத்தான் அவள் கவ்ரிலாவின் முட்டியில் தேய்த்துவிட்டாள். கரடிக் கொழுப்பு. அந்த வாடையில் குதிரை கால் வைக்காது. அடித்தாலும் வைக்காது.

படத்துக்குக் குதிரை மிரள வேண்டும். அதனால் குவாஸ்ட் மிரள வைக்கிறார். அவருக்கு அது ஒரு காட்சி. அதற்கப்புறம் இங்கே யாருடைய நெஞ்சு அறுபடும் என்பது அவர் கவலை இல்லை.

அவள் குதிகாலில் உட்கார்ந்து யோசித்தாள். துடைத்தால் போகாது, மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஊரைக் கூட்டிச் சொன்னால், குதிரை நிற்கப் போகிறது என்று பயந்து நீயே பூசிவிட்டு ஜெர்மன்காரன் மேல் பழி போடுகிறாய் என்பார்கள். அவள் வீட்டுப் பரணில் அதே கொழுப்பு ஒரு ஜாடி இருப்பது ஊருக்கே தெரியும்.

ஜாடி இருக்கிறது.

எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஜாடி இடுப்பில் கட்டிய துணிக்குள் இருந்தது. சட்டியில் சாம்பிராணியை இரண்டு பங்காகப் போட்டாள். வாசலோரம் இருந்த முதல் கல்லறையிலிருந்து ஆரம்பித்தாள். இஸிடோரின் அப்பா. புகை காட்டி, குனிந்து சிலுவையை முத்தமிட்டு, துணிக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்து அடிமரத்திலும் மண்ணிலும் தடவினாள். அடுத்தது பாதிரியாரின் மனைவி. அடுத்தது ஆலைக்காரன். அடுத்தது போரில் செத்த பையன்கள், பெயர் மட்டும் இருக்கிற வெறும் குழிகள். ஒன்றையும் விடவில்லை.

சனிக்கிழமையானதால் மற்றப் பெண்களும் தூபச்சட்டியோடு வர ஆரம்பித்திருந்தார்கள்.

"என்னடி, ஊர்ல உள்ள எல்லாருக்குமா புகை போடறே?" என்று கேட்டாள் ஆலைக்காரன் விதவை.

"இன்னைக்கு என் வீட்டுக்காரருக்கு எல்லாரும் சாட்சி சொல்லணும்ல. சும்மா வருவாங்களா?"

"பயந்துட்டா பாவம்" என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது சஃப்தாவுக்குக் கேட்டது. பயந்தவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த சிலுவைக்கு நகர்ந்தாள்.

கடைசியில் சட்டியின் சாம்பலையும் ஓடை மணலையும் போட்டுக் கையைத் தேய்த்தாள். தோல் சிவந்தது. வாடை முழுக்கப் போகவில்லை.

மத்தியானம் ஊரே வந்திருந்தது. ருக்ஸாண்டாவைக்கூடக் கட்டிலோடு தூக்கிவந்து வேலியோரம் நிழலில் வைத்திருந்தார்கள். தோதெரின் தோளில் மண்வெட்டி. இடுப்பில் கத்தி. கவ்ரிலாவின் கல்லறை தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்தது. அதற்கு எதிரில் லென்ஸ் பெட்டியை நிறுத்தியிருந்தான். குவாஸ்ட் வட்டம் போட்டு முடித்து, வாயில் சுருட்டோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரை வந்தது. கையை அசைத்தார். லென்ஸ் பிடியைச் சுழற்றினான். பெட்டி தையல் மிஷின் மாதிரிச் சத்தம் போட்டது.

மிஷ் குதிரையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நுழைந்தான்.

முதல் கல்லறையிலேயே குதிரை நின்றது.

மிஷ் கடிவாளத்தை இழுத்தான். குதிரை காதைப் பின்னால் மடக்கி, மூக்கு விடைத்து, நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"வாசல் பார்த்து மிரளுது" என்றார் இஸிடோர். "அது எங்கப்பா. சுத்திக் கூட்டிட்டுப் போ."

மிஷ் சுற்றிக் கூட்டிப் போனான். பாதிரியார் மனைவியின் மேட்டுக்கு முன் குதிரை பின்னங்காலில் எழும்பியது. ஆலைக்காரனிடம் பக்கவாட்டில் துள்ளி, ஒரு வேலிக்கம்பை முறித்தது. சிரிப்பு நின்றுபோனது. பெண்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். மிஷ் குனிந்து மண்ணை மோந்தான். நிமிர்ந்து கூட்டத்துக்குள் தேடி, சஃப்தாவைக் கண்டுபிடித்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. மிஷ் கடிவாளத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கல்லறைக்குப் போனான். வாயைத் திறந்தால் காலையில் அவன் செய்ததும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

அடுத்தது. அதற்கடுத்தது. உடலே இல்லாத வெறும் குழிகளையும் குதிரை மிதிக்கவில்லை. கழுத்தெல்லாம் நுரை. கவ்ரிலாவின் சிலுவைக்கு வந்து சேர்ந்தபோதும் நின்றது. ஆனால் அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கல்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பாவா?" இஸிடோரின் குரல் கீச்சிட்டது. "எங்கப்பா ஒரு ஈயைக்கூட..."

"என் பொண்டாட்டியைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்க..." என்று பாதிரியார் ஆரம்பித்தார்.

சஃப்தா முன்னால் வந்தாள். "குதிரை சொல்லட்டும்னீங்க. சொல்லிடுச்சு. மண்வெட்டி எடுத்துட்டு வாங்க. வாசல்ல இருந்து வரிசையா வருவோம். முதல்ல தலைவரோட அப்பா. என் வீட்டுக்காரர் கடைசியில இருக்கார், அவர் முறை வர்றப்ப நான் குறுக்க நிக்கல."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"ஜெர்மன் குதிரை" என்றாள் ஆலைக்காரன் விதவை திடீரென்று. "லூத்தரன் குதிரைக்கு நம்ம சிலுவை எப்படி ஆகும்?"

"அதானே!" என்றார் இஸிடோர். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அதைத்தான் நானும் யோசிச்சேன். இந்தக் குதிரை செல்லாது. எந்தக் கல்லறையும் தொடக் கூடாது. போங்க, போங்க, எல்லாரும் வேலையைப் பாருங்க."

கூட்டம் நன்றியோடு கலைந்தது. தோதெர் மட்டும் மண்வெட்டியை ஊன்றி, நின்ற இடத்திலேயே நின்றான்.

அந்தத் தோட்டத்தில் உண்மையாகவே நடுங்கிய ஆள் ஒருவர்தான். குவாஸ்ட். தான் பூசச் சொன்னது ஒரே ஒரு கல்லறையில் என்று அவருக்குத் தெரியும். மற்றதில் குதிரை ஏன் நின்றது? இத்தனை வருடமாகப் புத்தகங்களிலும் இருட்டறைகளிலும் தேடியது மத்தியான வெயிலில், தோட்டம் நிறைய, காலடியில் கிடக்கிறது. சுருட்டு விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. வட்டத்தைவிட்டு ஒரு அடி வெளியே வைத்தவர் உடனே உள்ளே திரும்பி, லென்ஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

லென்ஸ் ஏதோ சொன்னான். "சுருள் தீர்ந்துபோச்சாம்" என்று யாரும் கேட்காமலேயே மிஷ் பெயர்த்தான்.

ஒரு மணி நேரத்துக்குள் கோட்டையிலிருந்து பெட்டிகள் இறங்க ஆரம்பித்தன. பொழுது சாய்வதற்குள் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று குவாஸ்ட் உத்தரவு. அவர் மோட்டார் வண்டியில் ஏறப்போகும்போது சஃப்தா கதவின்முன் வந்து நின்றாள். பின்னால் மிஷ்.

"என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்ணு ருக்ஸாண்டாவைக் கீழே பிஸ்த்ரிட்ஸா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுல இடம் இருக்கு."

மிஷ் பெயர்த்தான். குவாஸ்ட் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். கையால் தள்ளிவிடுவதுபோல் காட்டினார்.

"அவ கடிபட்ட பொண்ணாம். தன்னோட வண்டியில ஏத்தமாட்டாராம்" என்றான் மிஷ். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, காலையில நான் பண்ணது..."

"அது அப்புறம். இவர்கிட்ட சொல்லு. அந்தப் பொண்ணு இங்கேயே கிடந்தா செத்துடுவா. செத்தா சும்மா இருக்கமாட்டா. இவர் முகம் அவளுக்கு நல்லாத் தெரியும். பெர்லின் எவ்வளவு தூரம் இருந்தாலும் பரவாயில்லை, நடக்கறதுக்கு அவளுக்கு நேரம் இருக்கும்னு சொல்லு."

மிஷ் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை இறுக்கி, சொல்லிமுடித்தான். குவாஸ்டின் கை தானாகக் கழுத்துப்பட்டைக்குப் போனது. மோட்டாரில் இடம் தரவில்லை. ஆனால் சாமான் வண்டியையும், கறுப்புக் குதிரையையும், மிஷையும் கொடுத்தார். ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு சீட்டும் எழுதினார்.

மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபின் மிஷ் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "சொல்லமாட்டேன் அக்கா. சத்தியமா சொல்லமாட்டேன். ரெண்டு வாரமா பேய்க்கதை சொல்லியே அந்த ஆளு என் உயிரை எடுத்துட்டாரு."

தோதெரை இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யார் திரும்பி வந்தாங்க?"

"சாம்பல் குடிச்சவங்க யார் பொழைச்சாங்க? உங்க தங்கச்சி குடிச்சாங்க. நானும் பக்கத்துல இருந்தேன். எழுந்தாங்களா?"

அவன் உள்ளே மகள் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஏறுங்க அத்தான். அப்பன் இல்லாம அங்க சேர்த்துக்கமாட்டாங்க."

அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு சனிக்கிழமை, பொழுது இன்னும் இருக்கிறது, கவ்ரிலாவைத் திறக்க உரிமையுள்ள ஒரே கை இந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். தோதெர் மகளைத் தூக்கிவந்து வைக்கோலில் கிடத்தினான். தானும் ஏறினான்.

சஃப்தா குதிரையைக் கடந்து வண்டியின் பின்பக்கம் போனாள். அவள் அருகில் வந்ததும் குதிரை மூக்கு விடைத்து, காதை மடக்கி, வண்டியோடு சேர்த்து ஒரு பக்கம் துள்ளியது. மிஷ் அடக்கினான். தோதெர் குதிரையைப் பார்த்தான். பிறகு சஃப்தாவின் சிவந்த கைகளைப் பார்த்தான்.

வண்டி பாதி இறக்கம் வந்தது. ருக்ஸாண்டா கண்ணை மூடியிருந்தாள்.

"நீதானா?" என்று தோதெர் கேட்டான்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "முதல்ல அந்த ஜெர்மன்காரன். நம்ம ஆளு மேல மட்டும். மத்ததெல்லாம் நான்."

முன்னால் மிஷின் முதுகு விறைத்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப குதிரை ஒண்ணுமே சொல்லல."

"ஒண்ணும் சொல்லல."

"அவன் மேல தாண்டிப் போயிருக்குமா, நின்னிருக்குமா, தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

தோதெரின் தாடை அசைந்தது. "அடுத்த சனிக்கிழமைன்னு ஒண்ணு வரும் சஃப்தா."

"வரட்டும். நானும் அங்கதான் இருப்பேன். அவர் மேல படுத்திருப்பேன். முதல்ல என்னைத் தோண்டிட்டு அப்புறம் அவர்கிட்ட போங்க."

ஆற்றுத் துறையில் பின்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கி மாட்டிக்கொண்டது. குதிரை இழுத்துப் பார்த்து நின்றுவிட்டது. "யாராவது எறங்குங்க" என்றான் மிஷ். சஃப்தா இறங்கினால் குதிரை மிரளும். தோதெர்தான் இறங்கினான். முழங்கால் ஆழத் தண்ணீர். அவன் வண்டியைத் தொடாமல், இறங்கிவந்த பாதையைத் திரும்பிப் பார்த்தபடி நின்றான். வெயில் இன்னும் மலை உச்சியில் இருந்தது. கால் வீசி நடந்தால் பொழுதோடு ஊருக்குப் போய்விடலாம். மண்வெட்டி வாசலிலேயே சாய்த்து வைத்திருக்கிறது.

சஃப்தா வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்தாள். அவன் நடந்தால் தானும் குதித்துப் பின்னால் நடப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

ருக்ஸாண்டா கண்ணைத் திறந்து, முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, தள்ளப் போறியா, மீன் பிடிக்கப் போறியா?"

தோதெர் மூக்கைப் புறங்கையால் துடைத்தான். குனிந்து, தோளைச் சக்கரத்துக்குக் கொடுத்து, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு தள்ளினான். சக்கரம் கல்லின்மேல் ஏறி அக்கரைப் பக்கம் உருண்டது. அவன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து பலகையைப் பிடித்தான். சஃப்தா கையை நீட்டினாள். ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தவன், அதையே பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.